அஃறிணைப் பெண்பால்

பாகாவ் சந்தைக்குப் பின்னால்
செம்பனை விழுங்காமல் விட்டுவைத்த
பதினோரு கித்தா மரங்கள்.
ஏழாவதின் பட்டையில்
சாம்பல் பச்சையாய் ஒட்டிக் கிடந்ததைப் பார்த்து
மரத்துக்குத் தேமல் என்றார் காவல்கார வீரமாகாளி.
பிரியாணியில் போடுகிற கல்பாசிக்குத் தங்கச்சி என்றேன்.
மோந்து பார்த்தார்.
பிறகும் நம்பவில்லை.

இருபது காசு அகலத்துக்குச் சுரண்டிக்கொண்டேன்.

பூஞ்சையும் பாசியும் குடித்தனம் நடத்துகிற வீடு அது.
நான் தேடி வந்தது
வாடகை கொடுக்காமல் உள்ளறையில் குடியிருக்கும்
மூன்றாவது ஆளை.

முதல் வாரம் தட்டு முழுக்க என் விரலின் அழுக்கு.
இரண்டாம் வாரம் மின்சாரம் போய்
எல்லாம் புளித்து நாறியது.
பிறகு கணக்கு வைக்கவில்லை.
ஒரு செவ்வாய்க்கிழமை
பசியாறிவிட்டு வந்து தட்டை வெளிச்சத்தில் பிடித்தால்
ஓரத்தில், குண்டூசித் தலை அளவில்,
பால் கூடிப்போன தேநீர் நிறத்தில்
ஒரு புள்ளி.

சாயம் ஏற்றினேன்.
ஊதாவைக் கழுவ விட்டுச் சிவப்பை வைத்துக்கொண்டது.
நாற்பது டிகிரியில் வளர மாட்டேன் என்றது.
உப்பு கூடினால் சுருண்டது.
இருபத்தெட்டில், மழை விட்ட சாயங்காலச் சூட்டில்,
அவசரமில்லாமல் பெருகியது.
(பாகாவின் மத்தியானத்தில் நானும் அப்படித்தான்.)

கோலாலம்பூரிலிருந்து மரபணு வரிசை வந்தது.
ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் எழுத்து,
நாலே எழுத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு
இடைவெளியே இல்லாமல்.
நெருங்கிய உறவு எது என்று தேடினால்
பனிப்பிரதேசத்துப் பாறையொன்றில் பிடிபட்ட எதுவோ.
தொண்ணூற்றாறு புள்ளி எட்டு விழுக்காடு ஒற்றுமை.
பங்காளி என்று சொல்ல அது போதாது.
சம்பந்தி என்றும் சொல்ல முடியாது,
தன்னையே பிளந்து பெருகும் கூட்டத்தில்
யாருக்கு யார் பெண் கொடுப்பது?
மீதி மூன்று புள்ளி இரண்டு.
அங்கேதான் இது இருக்கிறது.

உறுதியா என்றாள் ரொஹைசா.
மூன்று முறை முதலிலிருந்து செய்தோம்.
மூன்று முறையும் அது
வேறு யாராகவும் இருக்க மறுத்தது.

இனிப் பெயர்.
தோட்டத்துக்கே மூன்று பெயர்.
கம்பெனிக் கணக்கில் ஏதோ ஸ்காட்லாந்து ஆறு,
சாலைப் பலகையில் மலாய்.
இங்கே பால் வெட்டினவர்கள்
கால்களைச் சொறிந்துகொண்டே வைத்தது
அட்டைக்காடு.

லத்தீன் விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு
அட்டைக்காடென்ஸே என்று எழுதினேன். ஒன்றன்பால்.
ஓரறிவுக்கும் கீழே கிடக்கிற உயிர்,
அஃறிணை, வேறெப்படி எழுதுவது?
ஐந்து மாதம் கழித்துத் திருத்தம் வந்தது, ஒரே வரி:
பேரினம் பெண்பால், ஆகவே அட்டைக்காடென்சிஸ்.
நன்னூல் படித்த வாய்
அன்று முழுக்க அதை அவள் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

அவளை உறையவைத்து உலர்த்திக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து
இரண்டு நாட்டுச் சேமிப்பகங்களுக்கு அனுப்ப வேண்டும்.
ஒரே நாட்டில் வைத்தால் பெயர் செல்லாது. விதி.
நான்கு அனுமதிக் கடிதங்கள்.
அஞ்சல் முகப்பில் கேட்டார்கள், உயிருள்ள பொருளா?
தண்ணீர் விட்டால், என்றேன்.
விலைமதிப்பு?
அந்தக் கட்டத்தில் பேனா வெகுநேரம் நின்றது.
பத்து ரிங்கிட்.

பெட்டியைத் தூக்க உதவியவள்
கீழ்த்தளத்து டோபிக் கடை இருசாயி.
இங்கேயே பிறந்தவள், வயது நாற்பத்தொன்று,
பிறப்புப் பத்திரம் கேட்டு ஒன்பது தடவை
சிரம்பான் போய் வந்தவள்.
வெளிநாட்டு முகவரிகளை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
ஏன்க்கா, ஒரு நாடு பத்தாதா இதுக்கு?

டேப்பை இன்னொரு சுற்று ஒட்டினேன்.

கட்டுரை வெளிவந்த வாரம்
வீரமாகாளிக்குக் கைப்பேசியில் படம் காட்டினேன்.
பெருக்கிப் பெருக்கி, கடைசியில்
வெறும் குச்சி குச்சியாய்.
கடிக்குமா?
கடிக்காது.
பின்னே எதுக்கும்மா அதுக்கு
அட்டை பேரு?