இனிஷியல்

முகவரி கேட்காதீர்கள்.
அயனாவரம் சிக்னல் தாண்டி
சாதிக் ஜெராக்ஸ் கடையில் கொடுத்துவிடுங்கள்,
மூட்டைமேல் எதுவும் எழுத வேண்டாம்.
ஞாயிற்றுக்கிழமை மாசிலாமணி ஆட்டோ வரும்.
நேரே போனால் ஆறு நிமிஷம்.
அவர் ஓட்டேரி பக்கம் ஒரு சுற்று சுற்றி
டீ குடித்து
பின்னால் யாரும் வருகிறார்களா என்று கண்ணாடியில் பார்த்து
அப்புறம்தான் அந்தத் தெருவில் திரும்புவார்.
இந்தச் சவாரிக்கு மீட்டர் போட மாட்டேன் என்பார்.
மற்ற சவாரிக்குப் போடுகிற மாதிரி, என்பேன்.

பாரிமுனை கூரியர் ஆபீஸில்
ஆறு நாளும் முகவரி பார்த்துப் பிரிக்கிறவள் நான்.
ஏழாம் நாள்
முகவரி இல்லாத வீட்டில் பிரிக்கிறேன்.

என்னென்ன வரும் என்கிறீர்கள்?
காலாவதியான இருமல் மருந்து,
ஒற்றைச் செருப்பு,
பட்டன் போன நைட்டி,
ஒரு தடவை ஒரு டை.
கொளத்தூரிலிருந்து யாரோ
மாதாமாதம் நாற்பது பாக்கெட் நாப்கின்
செய்தித்தாள் சுற்றாமல் அனுப்புகிறார்.
பிறந்தநாள் பிரியாணியோடு வந்த ஒருவர்
அந்தப் பெண்களோடு ஒரு போட்டோ என்றார்.
சாதிக் அண்டாவை வாங்கிக்கொண்டு
ஜெராக்ஸ் மெஷினோடு எடுத்துக்கோங்க சார் என்றான்.
எடுத்துக்கொண்டார்.
பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.

பாத்திரம்தான் அதிகம்.
எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கும்.
கு. தெய்வானை வளைகாப்பு, 3.2.91.
வரதன் - அம்புஜம் புதுமனை புகுவிழா.
இங்கே ரிஜிஸ்தரில் பெண்களுக்குப் பாதிப் பெயர்.
தட்டுகளுக்கு மட்டும் முழுப்பெயர், தேதியோடு.
ராத்திரி ஒன்றரை மணிக்கு
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
செருப்பில்லாமல் வீட்டைவிட்டு வந்த அஞ்சுகம்
மூன்று வேளையும்
புதுமனை புகுவிழாவில்தான் சாப்பிடுகிறாள்.
பிள்ளைக்கு வளைகாப்புத் தட்டு.
யூகேஜி பாதியில் நின்றவன்
எழுத்துக் கூட்டுகிறான்,
வ, ளை, கா,
அதற்குமேல் சாம்பார் சாதம்.

சித்திரையில் திலகவதி கிளம்பினாள்.
வியாசர்பாடியில் ஓர் அறை,
எக்ஸ்போர்ட் கம்பெனியில் காஜா எடுக்கும் வேலை.
அட்வான்ஸ் பதினைந்தாயிரத்தில்
எங்கள் ஆபீஸ் பையன்கள் போட்டது கொஞ்சம்,
ஆட்டோ ஸ்டாண்டு உண்டியல் கொஞ்சம்,
மிச்சம் யாருடையது என்று நான் கேட்கவில்லை.
யாரோ ஒரு குக்கரும் கொடுத்திருந்தார்கள்,
ஐந்து லிட்டர், பெட்டி பிரிக்காதது.

புரசைவாக்கத்தில் பெயர் வெட்டும் பச்சையப்பன்
மெஷினைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார்.
ஆண்களுக்கு வராந்தா வரைதான்.
தரையில் உட்கார்ந்து வயரைச் சொருகி
இனிஷியல் சொல்லும்மா என்றார்.

அவளிடம் இரண்டு இருந்தன.
நாலு தடவை ஓடி வந்தபோதும்
அனுசரிச்சுப் போம்மா என்று
பஸ் ஏற்றிவிட்டவரின் எழுத்து ஒன்று.
கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் ஏறிய எழுத்து இன்னொன்று.
அது ஏற்கெனவே அவள் புருவத்தில் வெட்டியிருந்தது,
மூன்று தையல்.

ஊசி ர்ர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது.
குழாயில் தண்ணீர் நின்றுபோய்
யாரோ மோட்டார் போட்டார்கள்.
அவள் இன்னும் சொல்லவில்லை.
பார்த்துக்கொண்டே இருந்த பச்சையப்பனுக்குக் கை தவறி
குக்கர்மேல் ஒரு புள்ளி விழுந்துவிட்டது.
ஐயோ, புதுசாச்சே,
பாலிஷ் போட்டுத் தரேம்மா என்றார்.

இருக்கட்டும்ணா.
அதுக்கப்புறம் பேர வெட்டு.

வெட்டினார்.
புள்ளி, திலகவதி.
தி-யின் சுழி மட்டும் கொஞ்சம் கோணல்.
எழுத்துக்கு மூணு ரூபா, புள்ளிக்குக் காசில்லை என்று சிரித்தார்.
எழுத்துக்கும் வாங்கவில்லை.
அவள் கட்டைவிரலால்
அந்த இடத்தை
ஆட்டோ வரும்வரை தடவிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரத்துக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.
உள்ளாடை, புதிது மட்டும்.
பள்ளிக்கூட ஷூ, கறுப்பு, பத்தாம் நம்பர்.
கொசுவலை இரண்டு.
டை வேண்டாம்.
தட்டு கொடுக்கிறவர்கள்
பெயரைச் சுரண்ட வேண்டியதில்லை.
பையன் அம்மா தட்டுக்கு வந்துவிட்டான்.
புதுமனை வருகிறது.
புகுவிழாதான்
இன்னும் வாயில் நுழையவில்லை.