உள்வாடகை

அதிகாலை மூன்றே கால்.
ஈசூன், பதினோராம் மாடி.
கூடத்தில் நாங்கள் நான்கு பேர்,
ஒரு பெரிய தொலைக்காட்சி,
அதன் முதுகில் டேப் போட்டு ஒட்டிய
என் சின்னக் கணினி.
அரையிறுதி தொடங்கிக் கால் மணி நேரம்.
படம் கொஞ்சம் திக்குகிறதே என்று
நான்தான் வாயைக் கொடுத்தேன்.
"கிராபிக்ஸ் டிரைவரை ஒருதரம் இறக்கி ஏற்றினால் போதும்."

இறக்கினேன். இருண்டது.
ஏற்றினேன்.
புல் முன்னைவிடப் பச்சையாக வந்தது.
பந்து வழுக்கிக்கொண்டு ஓடியது.
சத்தம் மட்டும் வரவில்லை.

சிபி ரிமோட்டை எடுத்தான்.
நாற்பது, அறுபது, நூறு.
நூறு வரைக்கும் கூட்டிய அமைதி.
ஐம்பதாயிரம் வாய்கள் திறந்து மூடின.

ஒலி எங்கே என்று கணினியைக் கேட்டேன்.
போலி வெளியீடு, என்றது.
அதாவது
பேசிக்கொள்ளலாம், தடையில்லை,
கேட்கத்தான் ஆளில்லை.

யாஸிர் விடவில்லை, அதனால் சொன்னேன்:
ஒரே எச்டிஎம்ஐ கம்பியில்தான் இரண்டும் போகின்றன.
ஆனால் ஒலி தானாகப் போய்க் கதவு தட்டாது.
எதிர்ப்பக்கம் யார் இருக்கிறார்கள்,
என்ன கேட்கும் அவர்களுக்கு, எத்தனை காது,
இதெல்லாம் எழுதிய சீட்டைப்
படம்தான் வாங்கி வந்து ஒலியிடம் தர வேண்டும்.
படத்தை நான் வெளியே தள்ளினேன்.
சீட்டும் கூடவே போயிற்று.
திரும்பி வந்த படம் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது,
பக்கத்து அறைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.
ஒலி எங்கும் போகவில்லை.
உள்ளேதான் இருக்கிறது,
விளக்குப் போடாமல்.

"அட, உள்வாடகை," என்றான் யாஸிர்.

ஒருவரும் சிரிக்கவில்லை.
வாடகை ஒப்பந்தத்தில் பெயர் உள்ள கனகு அண்ணன்
ஜொகூருக்கு மாறி ஒரு மாதம்.
பணம் மட்டும் இன்னும் அவர் கணக்குக்குத்தான் போகிறது.
சென்ற புதன் வீட்டுக்காரர் திருவாட்டி குவெக்
இரும்புக் கதவுக்கு வெளியே நின்று
கனகு எங்கே என்றார்.
நீங்கள் யார் என்று கேட்கவில்லை.
குனிந்து செருப்புகளை எண்ணினார்,
நான்கு ஜோடி,
போய்விட்டார்.

நான் கட்டளையைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.
அப்போதுதான் எதிர் புளோக்கில் கிளம்பியது அந்தக் கூச்சல்.
அடுத்து மேல்மாடி.
அடுத்து கார்நிறுத்தம் பக்கமாக யாரோ ஒருவர், தனியாக.
எங்கள் திரையில் பந்து இன்னும் நடுக்களத்தைத் தாண்டவில்லை.
கோல் என்று தெரிந்துவிட்டது.
அடிக்கப்போவது யார் என்று தெரியவில்லை.
முடிவைக் கேட்ட பிறகு
டோட்டோ சீட்டைத் தேடுகிறவர்கள் மாதிரி
ஒவ்வொரு காலாகப் பார்த்தோம்:
பதினேழு, நான்கு, திரும்பவும் பதினேழு,
இடது ஓரம்,
ஒன்பது, தலையால்.

எங்களுக்கும் சேர்த்து
ஊர் கத்தி முடித்திருந்தது.
சிபி கையை மட்டும் மேலே தூக்கி
இறக்கிக்கொண்டான்.

அதுவரை தூங்குகிறான் என்று நினைத்திருந்த குகநேசன்
எழுந்தான்.
கொட்டாவியோடு தொலைக்காட்சிக்குப் பின்னால் போனான்.
கம்பியைப் பிடுங்கினான்,
முனையை ஊதினான், செருகினான்.
அவ்வளவுதான்.
புதிதாக யாரோ வந்திருப்பதாக எண்ணி
இயந்திரங்கள் மறுபடி விசாரித்துக்கொண்டன,
சீட்டு கைமாறியது,

நூறில் வைத்திருந்த ஒலி
நூறிலேயே வந்தது.

வர்ணனையாளர் எங்கள் காதுக்குள் நின்று கத்தினார்.
சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
மேசையிலிருந்த கோப்பி ஓ அலையடித்தது.
ரிமோட் சிபியின் தொடைக்கு அடியில்,
சிபி ரிமோட்டைத் தேடித் தரையில்,
யாஸிர் தலையணையோடு ஒலிபெருக்கிமேல்.
கடைசியில் நான்தான் கண்டெடுத்து அழுத்தினேன்.

பதினோராம் மாடி முழுக்க அமைதி.
திரையில் அந்தக் கோலை மெதுவாகத் திருப்பிக் காட்டினார்கள்.

கதவு தட்டும் சத்தம்.

நான்கு பேரும் அசையவில்லை.
வாசலில் செருப்புகள் கிடந்தன.
மறுபடி தட்டினார்கள்,
இந்த முறை
யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டு.