கைக்கெட்டும் இடம்

நீந்தத் தெரியாது எனக்கு.
காஸ்த்ரோவில், படகுத்துறையிலிருந்து ஏறும் சரிவில்
கத்தி விற்கிறேன்
கடலுக்குள் போகிறவர்களுக்கு.

சிலோயே தீவில் வெயில் அடித்தால்
கடைக்கு யாரும் வருவதில்லை.
மழையில்தான் வருவார்கள்,
கம்பளித் தொப்பியை வாசலில் பிழிந்துகொண்டு.

எல்லோரும் முதலில் கேட்பது பெரியதை.
முழங்கை நீளம், ஊசிமுனை,
கைப்பிடிக்குள் திசைகாட்டி வேறு.
"சுறா வந்தால்?" என்றான்
சாந்தியாகோவிலிருந்து வந்த ஒரு பையன்.
வந்தால் அது பல் குத்திக்கொள்ளட்டும்,
வைத்துவிட்டுப் போ என்றேன்.

இங்கே ஆளைப் பிடிப்பது பல் இல்லை,
நூல்.
அறுந்த தூண்டில் நரம்பு,
யாருடையது என்று தெரியாமல் தொங்கும் வலை,
சால்மன் கூண்டின் பச்சை நைலான்.
கண்ணுக்குத் தெரியாது.
திமிறத் திமிற இறுகும்,
கடன் மாதிரி.

அதனால் விரல் நீளம் போதும்.
ஒரு விளிம்பு வழவழப்பு, மறு விளிம்பு ரம்பப்பல்,
நடுவே நரம்பை இழுத்து அறுக்க ஒரு கொக்கி வளைவு.
முனை மொட்டையாக இருக்கட்டும்.
பதறிய கை குத்தும்போது
அருகில் இருப்பது உன் தொடைதான்,
உன் காற்றுக்குழாய்தான்.

எஃகில் கூர் நிற்கும், துருவும் குடியேறும்.
டைட்டானியம் துருவாது,
விலை மட்டும் கடிக்கும்.
எதை எடுத்தாலும் நல்ல தண்ணீரில் கழுவு.
கழுவுகிறேன் என்பார்கள்.
மூன்றாம் மாதம்
உறையோடு ஒட்டிப்போன கத்தியைக் கொண்டுவந்து
என்னையே இழுக்கச் சொல்வார்கள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே
என்று சொன்னவர் யாரோ.
கத்தியைக் கெண்டைக்காலில் கட்டிக்கொண்டு
வலைக்குள் காலை விடாதே,
இது நான் சேர்த்தது.
வெளிப்பக்கம் கட்டினால்
அதுவே ஆணி, எல்லாக் கயிறும் அதில்தான் மாட்டும்.
உள்பக்கம் தேவலை.
ஆனால் இடுப்புவரை வலை சுற்றியபின்
குனிய முடியுமா உன்னால்?

எர்மிந்தா நவெல்கின் வந்தது ஜூன் மாதக் குளிரில்.
கூண்டுகளில் இறங்கி
கடல்சிங்கம் கிழித்த ஓட்டைகளைத் தைப்பவள்.
எலிசெயோ பார்ரியாவும் வந்திருந்தான்,
அவளோடு இறங்குகிறவன், சிரிப்புக்காரன்.
தடித்த கையுறை இரண்டும் போடச் சொன்னேன்,
கண்ணை மூடச் சொன்னேன்.
இடது கையால் எடு. வலது கையால் எடு.
காலில் கட்டியபோது தடுமாறினாள்.
இடுப்பில் கட்டியபோது பட்டைக்கடியில் தொலைந்தது.
நெஞ்சுப் பட்டையில், இடது தோளுக்குக் கீழே,
பிடி கீழ்நோக்கித் தலைகீழாக மாட்டியபோது
இரண்டு கையும் தானாக அங்கே போயின.
பூட்டு கிளிக் என்றது.

பிறகு ஏன் தோன்றியதோ,
நீயும் கண்ணை மூடு, அவளுடையதை எடு
என்றேன் எலிசெயோவிடம்.
சிரித்தான். அவளும் சிரித்தாள்.
நான்குமுறை எடுக்க வைத்தேன்.

ஏழு வாரம்.
மதியம், தனியாக வந்தாள்.
மேசைமேல் கத்தியை வைத்தாள்.
ரம்பப்பல்லில் பச்சை இழைகள்.
இரண்டு மணிக்கட்டும் சேர்ந்து சிக்கியிருந்தது என்றாள்.
கலங்கல், தன் கை தனக்கே தெரியாத கலங்கல்.
கைக்கு எட்டும் இடத்தில்தான் இருந்தது கத்தி,
கைதான் இல்லை.
அவ்வளவு சொல்லிவிட்டு
கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலிசெயோவுக்கு இதே மாதிரி ஒன்று வேண்டும்.
அதே இடத்தில் மாட்ட வேண்டும்.
எனக்குப் பழகிய இடம்."

எடுத்துக் கொடுத்தேன்.
விலையைக் கேட்டு முகம் சுளித்து
ஆயிரம் பெசோ குறை என்றாள்.
முடியாது என்றேன்.
நீண்ட நேரம் பேரம் பேசினோம்,
இருவருக்கும் அது வேண்டியிருந்தது.
கடைசியில் ரப்பர் பட்டை இலவசம் என்று முடிந்தது.

அவள் போனபின் மழை வலுத்தது.
கையுறையை மாட்டிக்கொண்டு
கண்ணை மூடி நின்றேன் கொஞ்ச நேரம்,
இடது தோளுக்குக் கீழே
வெறும் கம்பளிச் சட்டையைத் துழாவியபடி.