டி நான்கில் நிற்பவன்

அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபம்.
ஐந்தாவது ரவுண்டு, முப்பத்தொன்றாம் போர்டு.
நேற்றைய வளைகாப்பின் வாழைமரத்தை
இன்னும் யாரும் அவிழ்க்கவில்லை.

ராணிக்கு முன்னால் நின்றவனை
இரண்டு கட்டம் தள்ளிவிட்டேன்.
வேறு ஆரம்பம் எனக்குத் தெரியாது.
எதிரே சுரண்டை தங்கபுஷ்பம்,
பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கிறவள்.
ஒவ்வொரு நகர்த்தலையும்
நான்கு மால் குறிப்பதுபோல்
அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள்.

பக்கத்துச் சிப்பாயைக் கொடுத்தேன்,
மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.
ஆறாவது நகர்த்தலில்
என் முதல் ஆளையும் எடுத்து மேசையோரம் வைத்தாள்.
ராஜாவின் சிப்பாய் குறுக்கே ஏறி
அவளுடையவனை வெட்டி
அதே கட்டத்தில் நின்றுகொண்டான்.
தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு
ஆள் மாறியதே தெரியாது.
இடத்திலும் துணையில்லை, வலத்திலும் இல்லை.
வயல் நடுவே ஒற்றைப் போஸ்ட்.

அப்போது கரண்ட் போனது.

ஃபேன்கள் சுற்றி ஓய்ந்தன.
செஸ் கிளாக்குகள் மட்டும் பேட்டரியில் ஓடின.
"ஆடுங்க, வெளிச்சம் இருக்குல்லா" என்றார் ஆர்பிட்டர்.

நான் இந்த செக்‌ஷனில் பதினாறு வருஷமாய் லைன்மேன்.
இது மண்டபத்து ஃபியூஸ் இல்லை,
எதிரே மாவு மில்லும் நின்றுவிட்டது.
வாய்க்கால் திருப்பத்தில் மூன்றாவது போஸ்ட்.
மயில் உட்கார்ந்திருக்கும்.
என் போன் வாசலில், அணைத்து,
டோக்கன் நாற்பத்தெட்டு.
ஏ.இ. கூப்பிட்டுக் கூப்பிட்டு
இந்நேரம் கெட்ட வார்த்தைக்கு வந்திருப்பார்.

அவள் குதிரையைக் கொண்டுவந்து
அவன் முகத்துக்கு நேரே நிறுத்தினாள்.
நான் போர்டைப் பார்த்தபடியே
அந்தப் போஸ்டில் ஏறிக்கொண்டிருந்தேன்.
பத்தொன்பது நிமிஷம்.

கரண்ட் வந்தது.
ஸ்கோர் ஷீட்டுகள் பறந்தன, ஆளாளுக்குப் பிடித்தார்கள்.
யாரோ ஏறியிருக்கிறான்.

முப்பத்தாறாவது நகர்த்தலில் அவனும் போனான்.
அதற்குப் பிறகு ஆட்டம் என்று ஒன்றுமில்லை.
கை கொடுத்தேன்.
"குதிரை வாறதுக்கு முன்னால
ஒரு கட்டம் தள்ளியிருக்கலாம்லா,
எல்லாம் தொறந்திருக்குமே" என்றாள்,
காய்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டே.

டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கி
உயிர் கொடுத்து
ஒரு டீ குடிக்கிற நேரம் பார்த்தேன்.
தவறிய அழைப்பென்று ஒரு மெசேஜ்கூட வரவில்லை.
சிக்னல்
நாலு கட்டமும் முழுசாக இருந்தது.
எதிரே மாவு மில்
ஓடிக்கொண்டிருந்தது.