அடங்குதல்

வீட்டிலிருந்த பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டார் கிளமெண்ட்.
ஜம்பட்டா வீதி, மூன்றாம் மாடி, இரவு ஒன்று நாற்பது.
அவை ஒட்டுக் கேட்கின்றனவாம்.
சோற்றுப் பானைக்குள் போட்டு மூடி
மூடிமேல் இஸ்திரிப்பெட்டியை வைத்திருந்தார்.

எங்களுக்கு முன்பே பொலிஸ் வந்துவிட்டது.
இரண்டு டோர்ச், இரண்டு சிங்களக் குரல்,
நடுவில் ஒரு மனிதர், கையில்
மேசை மின்விசிறியின் இறக்கை.
வெளிச்சம் முகத்தில் விழ விழக் கத்தினார்.
பல்புக்குப் பயந்தவரிடம்
யாராவது டோர்ச் அடிப்பார்களா?
நானும் கேட்கவில்லை. எனக்கே பிறகுதான் உறைத்தது.

படியில் நின்ற ரொசாலின்,
"அடிச்சுப் போடாதீங்கோ, இவர் ஸ்கூல் வேன் ஓடுறவர்" என்றாள்,
ஒரு நற்சான்றிதழை நீட்டுவதுபோல.
எதிர்வீட்டுக் கதவு இரண்டங்குலம் திறந்து
"அங்கொடைக்குத்தான்" என்று சொல்லி மூடிக்கொண்டது.

எப்படி விழுந்தார் என்று அறிக்கையில் எழுத வரவில்லை.
இறக்கை சுவரில் பட்டுத் தெறித்தது.
கான்ஸ்டபிள் விதானகே இடுப்பைப் பிடித்தார்,
நான் ஒரு கால், எங்கள் டிரைவர் இந்திக்க மற்றக் கால்.
குப்புற.
முதுகில் விதானகேயின் முழங்கால்,
சப்பாத்தும் பெல்ட்டும் சேர்த்துத் தொண்ணூறு கிலோ.

"மூச்சு விட ஏலாது."
தமிழில்தான் சொன்னார்.
அந்த அறையில் தமிழ் கேட்கும் காது இரண்டு.
இரண்டும் என்னுடையவை.
கால் இன்னும் உதைத்தது. சண்டைக்கு உதைக்கிறாரா
காற்றுக்கு உதைக்கிறாரா?

பிறகு உதைக்கவில்லை.
இந்திக்க பெருமூச்சு விட்டான்:
அடங்கிவிட்டார் என்று அதற்கு அர்த்தம்.

எங்கள் சொல்லுக்கு இரண்டு வாசல்.
மழை அடங்கும், பிள்ளை அடங்கும்,
பத்து மணிக்குமேல் கொட்டாஞ்சேனைச் சந்தி அடங்கும்,
உயிரும் அடங்கும்.
எந்த வாசலால் போகிறார் என்று
முதுகைப் பார்த்துச் சொல்ல முடியாது.

"முழங்காலை எடுங்க சேர்."
கெஞ்சலா கட்டளையா என்று தெரியாத சிங்களம்.
எடுத்தார். உடனே எடுத்தார்.
அதை மட்டும் அறிக்கையில் தெளிவாக எழுதினேன்.

பக்கவாட்டில் புரட்டி, கீழ்க்கையை நீட்டி,
மேல்முழங்காலை மடித்து, வாயோரம் துடைத்தோம்.
டோர்ச்சை அணைக்கச் சொன்னேன்.
இருட்டில் என் உள்ளங்கை அவர் விலாவில்.
ஒன்றுமில்லை.
துறைமுகத்தில் எதையோ இறக்கும் சத்தம்.
ஒன்றுமில்லை.
பிறகு விலா
ஒட்டிப்போன ஜன்னல் திறப்பதுபோல
ஒருமுறை.
இன்னொருமுறை.

"போன வருஷம் ஒரு மல்லி" என்று தொடங்கினார் விதானகே.
முடிக்கவில்லை.
தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி கழற்றினார்.

"கிளமெண்ட் அண்ணே, நான் அம்புலன்ஸ் ஆள்.
கையைப் பிடிச்சிருக்கிறன், கட்டேல்லை."
எத்தனை தரம் சொன்னேனோ.
நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ
விரல் ஒன்று என் விரலை அழுத்தியது.

ஸ்ட்ரெச்சர் படியில் திரும்பவில்லை.
கதிரையில் உட்காரவைத்து இறக்கினோம்,
விதானகே முன்னால், பின்பக்கமாக இறங்கியபடி,
ஒவ்வொரு படிக்கும் தமிழில் எண் கேட்டுக் கேட்டு.

ரொசாலின் பானையோடு ஏறினாள்.
"விட்டிட்டு வந்தா தேடுவார்."
பெரியாஸ்பத்திரி வரைக்கும்
பல்புகள் ஒன்றோடொன்று மெல்லக் கிணுகிணுத்தன.

உள்விளக்கை அணைத்துவிட்டேன்.
மிச்சமிருந்தது மொனிட்டரின் பச்சை.
கிளமெண்ட் அதையே பார்த்தார்.
விதானகே எழுந்து
தன் தொப்பியை அதன்மேல் கவிழ்த்தார்,
எண் எனக்குத் தெரிய
ஒரு விரல் இடைவெளி விட்டு.