தலைக்குத் தண்ணீர்

ஆராதனை முடிந்து பிரியாணி வரிசையில் நிற்கும்போது சொன்னார்கள்:
சல்மாபாத் கேம்ப்பில் ஒரு தமிழன்,
சாரம் கட்டுகிறவன், பெயர் வேலாண்டி,
ஊரில் மனைவி இறந்துவிட்டாளாம்.
பாஸ்போர்ட் கம்பெனியில், கம்பெனி கோர்ட்டில்.
போக வழியில்லை.
"நம்ம ஆள் இல்ல பிரதர், இருந்தாலும்
ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க" என்றார் பாஸ்டர்.

மூன்று வசனம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.
மூன்றும் உண்மை, எனக்குத் தெரியும்.
எங்கள் குழந்தை மூச்சில்லாமல் பிறந்த அன்று
இதே மூன்றைத்தான் எனக்குச் சொன்னார்கள்.
அன்றும் அவை உண்மைதான்.
நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.
சாத்துவதற்குள் ஒரு சகோதரி சொல்லிவிட்டார்,
தோட்டக்காரருக்கு மொட்டின் மேல்தான் ஆசை என்று.
தோட்டக்காரரோடு
இரண்டு வருடம் நான் பேசவில்லை.

அறைக்குள் எட்டுக் கட்டில்.
ஊரில் மணி நாலு, இங்கே ஒன்றரை.
அரிசி டின்மேல் வைத்த போனில் சுடுகாடு
சாய்ந்து சாய்ந்து விழுந்தது.
பையிலிருந்த சீட்டை நாலாய் மடித்து
அடியில் முட்டுக் கொடுத்தேன்.
நின்றது.

ஏசி இரைச்சலில் அங்கே பேசுவது கேட்கவில்லை.
ராத்திரி ஷிப்ட் முடித்து மேல் கட்டிலில் தூங்கிய
ஷொஃபிகுல், சிட்டகாங்காரன்,
இறங்கி வந்து அணைத்தான்.
ஆகஸ்ட் மாதம்.
ஏழு பேர் வேர்த்து ஒழுக நின்றோம்,
ஒருவனும் சுவிட்சைப் பார்க்கவில்லை.

வேலாண்டி விரல் மடக்கி
எதையோ எண்ணிக்கொண்டிருந்தான்.
"கல்யாணமாகிப் பதினோரு வருசம்.
லீவு எல்லாம் கூட்டுனா பதினாலு" என்றான்.
அப்புறம், "மாசம்" என்றான்.

கையில் கொள்ளியோடு பையன், ஒன்பது வயது,
புது மொட்டையில் வெயில் வழுக்க
போனைப் பார்த்துக் கேட்டான்:
"அப்பா, வைக்கட்டுமா?"
இவன் தலையை ஆட்டினான்.
அங்கே படம் உறைந்திருக்க வேண்டும்.
பையன் மறுபடியும் கேட்டான்.
வாயால் சொல்லவேண்டி வந்தது.
"வையி சாமி."

கல்லறை வாசலில் ஆண்டவர் அழுதது நினைவுக்கு வந்தது.
நாலு நாளான பிணத்தை
இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுப்பப் போகிறவர்.
முடிவு தெரிந்தவர்.
எதற்கு அழ வேண்டும்?
எழுப்பியதைச் சொல்லும் அவசரத்தில்
பிரசங்கங்கள் அந்த இடத்தை ஒரே தாவாகத் தாவிவிடும்.
நான் அங்கேயே நின்றுகொண்டேன்.

"தலை முழுகணும்" என்றான்.
குழாயைத் திறந்தால் கொதிக்கிறது.
மொட்டை மாடித் தொட்டி இங்கே கோடை முழுக்க உலைதான்.
ஷொஃபிகுல் கோல்ட் ஸ்டோருக்கு ஓடி
இரண்டு பை ஐஸ் வாங்கி வந்து வாளியில் கொட்டினான்.
என்னிடம் காசு வாங்க மறுத்துவிட்டான்.
கால்சட்டையைச் சுருட்டிவிட்டு
துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு
மக்கை எடுத்தேன்.
முதல் மக்குக்கு அவன் உடம்பு உதறியது.
குளிராகவும் இருக்கலாம்.
மொண்டு மொண்டு ஊற்றினேன்.
நடுவில் ஒரே ஒரு தடவை
"தங்கப்பொண்ணு" என்றான், தண்ணீருக்குள்ளிருந்து.
அதுதான் அவள் பெயர்.
அதுவரை நான் கேட்கவே இல்லை.

அடுத்த வெள்ளி, சாட்சி நேரம்.
மைக் என் கைக்கு வந்தது.
"ஜெபம் பண்ணினீங்களா பிரதர்?"
பண்ணவில்லை என்றேன்.
அந்தக் கேம்ப்பில் குழாய்த் தண்ணீர் சுடுகிறது,
இன்னும் ஆறு வாரம் வெயில் இருக்கிறது,
யார் வீட்டிலாவது பெரிய ஐஸ் பெட்டி இருக்கிறதா என்றேன்.
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும்.
பிறகு பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.
அந்த மொட்டுச் சகோதரி.