இணைப்பு எண் 218

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
கோரிமேட்டில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு
இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி
நாகலூர் சாலையின் கடைசி வீட்டில்
ஓவியர் சலேத்மேரியின் மீட்டரைக் குறித்துவருவேன்.
எனக்கும் நவீன ஓவியத்துக்கும்
அவ்வளவுதான் கொடுக்கல் வாங்கல்.

பெயர் கேட்டதில்லை.
"கரண்டு வந்திருக்கு, நாயைப் புடி லூர்து"
என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.
கான்வென்டில் கணக்கு எடுத்து ஓய்வுபெற்ற
லூர்துராணி டீச்சர் நாயோடு வருவார்.
ஆணியில் மாட்டிய வெள்ளை அட்டையில்
நான் எழுதி முடிக்கும்வரை நின்று
கழித்தலைச் சரிபார்ப்பார்.
தப்பிருந்தால் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம்.
பதினோரு வருடத்தில் நான்கு வட்டம் வாங்கியிருக்கிறேன்.

வெள்ளைக் காலம் என்று இப்போது எழுதுகிறார்களே,
அந்த மூன்று வருடமும்
நாற்பது யூனிட்டைத் தாண்டியதில்லை அந்த வீடு.
வெயில் இருக்கும்வரை வரைவது,
சில்வர் ஓக் மரங்களுக்கிடையே பனி இறங்கினால்
தூரிகையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவது.
ஒருமுறை நான் போனபோது வீடே இருட்டு.
மாமாங்கத்துக் கரட்டிலிருந்து
மூட்டையில் கொண்டுவந்த வெள்ளைக்கல்லை
மிக்ஸியில் போட்டு அரைத்திருக்கிறார்.
ஃபியூஸ் போய், ஜாடி உடைந்து,
முகமெல்லாம் மாவாய் நின்று சிரித்தார்.
"எங்கப்பா சுரங்கத்துல இருந்து
இப்படித்தாங்க வருவாரு.
கண்ணு மட்டும்தான் ஆளு."
பாரிசிலிருந்து வந்த வெள்ளைக் குழாய்கள்
பிரிக்காமலே கிடந்தன அலமாரியில்.

பிறகு டீச்சர் போய்விட்டார், ஒரு ஜூன் மாதம்.

அந்த வருடம் அவர் எதையும் வரையவில்லை
என்கிறது கண்காட்சிப் புத்தகம்.
எனக்குத் தெரிந்தது 612 யூனிட்.
அடுத்த கணக்கும் அதற்குப் பக்கத்தில்.
பகல் பதினோரு மணிக்கு
குளியலறை பல்பு உட்பட எல்லாம் எரிந்தன.
மீட்டர் ரிப்பேர் என்று குறைத்து எழுதியிருக்கலாம்.
எழுதவில்லை. பயம்.
"நெறையவா?" என்றார்.
"நெறையங்க."
"நாய் இருட்டுல தேடுது" என்றார்.
நாய் என் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

போன மாதம் செவ்வாய்ப்பேட்டை டீக்கடையில்
பஜ்ஜிக்குக் கீழே அந்தப் படம்.
தலைப்பில்லாதது.
மும்பை ஏலத்தில் மூன்று கோடியே நாற்பது லட்சம்.
முழுக்கக் கல்மாவு வெள்ளை;
வலது மூலையில் எறும்பு வரிசையாய் எண்கள்.
சித்தர் கணிதம் என்கிறார் ஒருவர்.
கைதி எண்கள் என்கிறார் இன்னொருவர்.
ஓர் எண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையம்,
அது அஸ்தமனச் சூரியன் என்பதில் மட்டும்
இருவருக்கும் சண்டையில்லை.

எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
ஏழுக்கு நடுவில் கோடு போடுகிறவன்
எங்கள் ஆபீசில் நான் ஒருத்தன்தான்.
8812இல் 8214 போக
608 என்று எழுதியிருக்கிறேன்.
கேட்க ஆளில்லாத கழித்தல்.
பத்து யூனிட் கூடுதல்.
ஒரு வார்த்தை சொல்லாமல் கட்டியிருக்கிறார்.

நேற்று இணைப்பைத் துண்டிக்க உத்தரவு வந்தது.
சலேத்மேரி இறந்து நாற்பது நாள்.
அண்ணன் மக்கள் கோர்ட்டுக்குப் போய்
கதவில் அரக்கு முத்திரை.
சென்னையிலிருந்து காலரிக்காரர் ஒருவர்
கேட்டருகில் குடையோடு நின்றார்.
அந்த அட்டை கிடைத்தால் ஐம்பதாயிரமாம்.
அட்டை என் வண்டிப் பெட்டியில் இருந்தது,
ஸ்பேனருக்கும் அழுக்குத் துணிக்கும் அடியில்.
மழையில போயிருக்கும் சார் என்றேன்.

அவர் கார் வளைவில் மறைந்தபின்
கடைசி அளவைக் குறிக்கக் குனிந்தேன்.
புது மீட்டர், சக்கரம் கிடையாது,
மிளகாய் விதையளவு சிவப்பு விளக்கு.
சிமிட்டியது.
உள்ளே ஏதோ ஓடுகிறது,
ஃபிரிட்ஜாக இருக்கும்.
மறுபடி சிமிட்டியது.

எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
ஒயரைத் தொடவில்லை.
பத்து யூனிட் ஓடட்டும்,
அப்புறம் வந்து பிடுங்கிக்கொள்கிறேன்.